யோசிக்கத் தெரியுதான்னு எந்த ஸ்கேலை வச்சு அளப்பீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டேஷனல் திங்கிங் சொல்லித்தர்றத பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாதான் எழுதியிருந்தாங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா கடைசில பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா டெஸ்ட் வச்சு பிள்ளைங்களோட திறனை அளந்து ரேங்க் லிஸ்ட் போடணும்னு முடிச்சிருந்தாங்க பாருங்க, அந்த ஒரு வரிதான் என்னைய உக்கார வச்சு இந்த லெட்டரை எழுத வச்சுது. நான் திருவாரூர் மாவட்டத்துல ஒரு அரசு நடுநிலைப்பள்ளில கணக்கு வாத்தியார், 22 வருஷ சர்வீஸ். போன்லதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்கோங்க, நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா நடுவுல ஒரு தண்ணித்தொட்டி கதை வரும் அதை மட்டும் வெட்டிராதீங்க.

முதல்ல இந்த வார்த்தையே பல பேருக்கு குழப்பம். கம்ப்யூட்டேஷனல் திங்கிங்னா கம்ப்யூட்டர் கத்துக்கறதுன்னு நெனைக்கறாங்க. எங்க ஊர்ல கல்யாண சமையல் மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு, அவரு கம்ப்யூட்டரை தொட்டதே இல்ல. 300 பேருக்கு சமையல்னா முதல் நாளே அடுப்பு எத்தனை, எந்த அடுப்புல எது முதல்ல ஏறணும், பருப்பு வேகற நேரத்துல எந்த ஆள் எந்த காயை நறுக்கணும், கூட்டம் 400 ஆயிட்டா எதை மட்டும் கூட்டணும் எதை கூட்ட வேணாம்னு எல்லாம் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டுதான் லிஸ்ட் எழுதுவாரு. பெரிய வேலைய சின்ன சின்னதா உடைக்கறது, தேவையில்லாததை ஒதுக்கறது, வரிசை போடறது, எங்க சொதப்பும்னு முன்னாடியே பாக்கறது, இதுதாங்க விஷயம். ஜெனட் விங்னு அமெரிக்கால ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர் 2006ல ஒரு சின்ன கட்டுரை எழுதுனாங்க, படிக்கறது எழுதறது கணக்கு போடறது மாதிரி இதுவும் எல்லா பிள்ளைக்கும் வேணும்னு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1980லயே, பிள்ளைங்களுக்கான லோகோங்கற கம்ப்யூட்டர் மொழிய கண்டுபிடிச்ச குழுவுல இருந்த சீமோர் பேப்பர்ட் இந்த சொல்லை பயன்படுத்திட்டாரு. அதனால இது நேத்து வந்த ஃபேஷன் இல்ல.

நம்ம ஊருக்கும் புதுசு இல்லங்க. 2018ல இருந்து வந்த நம்ம சமச்சீர் கணக்கு புக்குல "தகவல் செயலாக்கம்"னு தனி இயலே இருக்கு. மரவுரு வரைபடம், டெட்ரோமினோ (நாலு கட்டம் ஒட்டுன உருவம்), ஃபிபனோசி எண்கள், எட்டாவதுல ரகசிய எழுத்து எழுதறதுன்னு அருமையான சமாச்சாரமெல்லாம் அதுலதான் இருக்கு. ஆனா எத்தனை ஸ்கூல்ல அதை நடத்தறாங்கன்னு கேளுங்க. அது பெரும்பாலும் கடைசி இயலா வரும், பரீட்சை நெருங்கிரும், "இதுல இருந்து பெரிய மார்க் வராது, வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிருவோம். நானும் நாலஞ்சு வருஷம் அப்படி தாண்டுனவன்தான், மறைக்கல.

இப்ப திடீர்னு எல்லாரும் பேசறதுக்கு காரணம் இருக்கு. 2020 புதிய கல்விக் கொள்கைல இந்த பேர் வந்துச்சு, அப்புறம் 2026-27ல இருந்து மூணாங்கிளாஸ்லயே ஏ.ஐ.யும் கம்ப்யூட்டேஷனல் திங்கிங்கும் கொண்டு வரப்போறதா மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபர்ல அறிவிச்சது. பாடம் வந்தா பின்னாடியே டெஸ்ட் வரும், டெஸ்ட் வந்தா கைடு வரும், கைடு வந்தா கோச்சிங் சென்டர் வரும். என் பயமெல்லாம் அங்கதான்.

சரி தண்ணித்தொட்டி கதைக்கு வரேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஏழாங்கிளாஸ்ல எனக்கு ஒரு ஆசை வந்துச்சு, இந்த இயலை ஒழுங்கா நடத்தி பாப்போமேன்னு. வராண்டால சாக்பீஸ்ல ஆறுக்கு ஆறு கட்டம் போட்டேன், ஒரு கட்டத்துல "தண்ணித்தொட்டி"ன்னு எழுதுனேன், நடுவுல ரெண்டு மூணு கட்டத்துல செங்கல் வச்சேன். பழைய கேலண்டர் அட்டைய வெட்டி முன்னால, இடது, வலதுன்னு சீட்டு. ஒரு பிள்ளை ரோபோ, சீட்டுல இருக்கறத மட்டும்தான் செய்யணும், சொந்த புத்தி கூடாது. மத்தவங்க சீட்டை அடுக்கி ரோபோவை தொட்டிக்கு கொண்டு போகணும். மூணு குரூப். முதல் தடவை மூணு குரூப்போட ரோபோவும் வேற வேற எடத்துல போய் நின்னுச்சு, ஒண்ணு நேரா செங்கல்ல இடிச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வர்றது. முதல் குரூப் அடுக்குன சீட்டு மொத்தத்தையும் கலைச்சுட்டு புதுசா அடுக்குனாங்க, தப்பு, மறுபடி கலைச்சாங்க, மறுபடி, அஞ்சாவது தடவை எப்படியோ சரியா வந்துருச்சு, ஒரே கைதட்டல். ரெண்டாவது குரூப்ல ஒரு பொண்ணு, வகுப்புல வாயே தொறக்காது, ஒரு சீட்டையும் கலைக்க விடல. கூழாங்கல் கொஞ்சம் பொறுக்கிட்டு வந்துச்சு, ஒவ்வொரு சீட்டையும் படிச்சு ரோபோவை மெதுவா நடக்க சொல்லி நின்ன கட்டத்துல எல்லாம் ஒரு கல் வச்சுச்சு, நாலாவது சீட்டு வந்ததும் "இங்கதான் சார், ரோபோ நம்மள பாத்து நிக்குது, நாம நம்ம பக்கத்துல இருந்து வலதுன்னு போட்டுட்டோம், அதுக்கு இது இடது"ன்னுச்சு. ஒரே ஒரு சீட்டை மாத்துச்சு, ரோபோ கரெக்டா போய் நின்னுச்சு. மூணாவது குரூப் என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. ரோபோ போய் நின்ன எடத்துல சாக்பீஸை எடுத்து "தண்ணித்தொட்டி"ன்னு எழுதிட்டானுங்க, "சார் தொட்டியை நகர்த்திட்டோம்"! சிரிச்சு சிரிச்சு எனக்கு கண்ணுல தண்ணி. (எங்க ஆபீஸர்ங்க சில பேரு ரிப்போர்ட் தயார் பண்றதும் இதே ஸ்டைல்தான்னு ஹெச்.எம். மெதுவா சொன்னாரு, அதை போட வேணாம்னா விட்ருங்க.)

இப்ப இதை டெஸ்ட்டா வச்சு விடையை மட்டும் திருத்துறோம்னு வச்சுக்கோங்க. முதல் குரூப்பும் ரெண்டாவது குரூப்பும் முழு மார்க், ரெண்டுமே தொட்டிக்கு போயிருச்சு. ஆனா ஒண்ணு குருட்டாம்போக்குல போனது, இன்னொண்ணு தப்பு எங்கன்னு தேடி கண்டுபிடிச்சு திருத்தி போனது. நாம அளக்கணும்னு சொல்ற சாமானே அந்த வித்தியாசத்துலதான் இருக்கு, விடைல இல்ல. இதுல இன்னொரு கூத்து, அதுக்கு முந்தின வாரம்தான் அதே கிளாஸுக்கு நான் ஒரு பேப்பர் டெஸ்ட் வச்சிருந்தேன், வழிமுறை என்றால் என்ன, படிநிலைகளை வரிசைப்படுத்துக இப்படி 10 கேள்வி. கூழாங்கல் வச்ச பொண்ணுக்கு அதுல 3. தொட்டியை நகர்த்துன பையன் ஒருத்தனுக்கு 9.

உலகத்துல இதை அளக்க யாரும் முயற்சி பண்ணலயான்னு கேட்டா, நெறையவே பண்ணிருக்காங்க. ஒவ்வொரு ஸ்கேலும் ஒவ்வொண்ணை அளக்குது, அவ்வளவுதான். ஸ்பெயின்ல மார்கோஸ் ரோமன்-கொன்சாலஸ்னு ஒருத்தர் குழுவோட சேந்து 28 கேள்வில ஒரு டெஸ்ட் செஞ்சாரு, பேக்மேன் பொம்மை பேயை புடிக்க எந்த கட்டளைய குடுக்கணும்கற மாதிரி நாலு விடைல ஒண்ணை டிக் பண்றது. 1,251 பிள்ளைங்களுக்கு குடுத்து 2017ல வெளியிட்டாங்க, பிரச்சினை தீர்க்கற திறனோட அந்த மார்க் நல்லா ஒத்துப்போகுது, சொல்திறனோட ஒத்துப்போறது குறைச்சல். நல்ல வேலைதான், ஒரே நாள்ல ஆயிரம் பேருக்கு வைக்கலாம், திருத்த மெஷின் போதும். ஆனா டிக் பண்ற டெஸ்ட்ல கூழாங்கல்லுக்கு எடமில்ல.

இன்னொண்ணு டாக்டர் ஸ்கிராட்ச், இதுவும் ஸ்பெயின்காரங்க செஞ்சதுதான். ஸ்கிராட்ச்னா பிளாக்னு சொல்ற கட்டளைத் துண்டுகளை இழுத்து அடுக்கி கேம் செய்யற சாஃப்ட்வேர். பிள்ளைங்க அதுல செஞ்ச கேமை டாக்டர் ஸ்கிராட்ச்ல ஏத்துனா பல தலைப்புல மார்க் போட்டு குடுத்துரும். வாத்தியாருக்கு சௌகரியம். ஆனா அது பாக்கறது எந்தெந்த பிளாக் இருக்குன்னுதான். ஒரு பையன் தேவையே இல்லாம ஒரு பிளாக்கை இழுத்து ஓரமா ஒட்டி வச்சாலும் மார்க் ஏறலாம், அது எதுக்குடான்னு அந்த சாஃப்ட்வேர் கேக்காது. என் அக்கா பேரன் டவுன்ல ஒரு கோடிங் கிளாஸ் போறான், பேர் வேணாம், மாசம் நல்ல துட்டு வாங்கறாங்க, லெவல் 4 சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டிருக்காங்க. போனப்ப அவன் செஞ்ச கேமை காட்டுனான், பூனை ஓடுது, பழம் விழுது, ஸ்கோர் ஏறுது, சூப்பரா இருந்துச்சு. "தம்பி, பழம் கீழ இருந்து மேல போற மாதிரி மாத்தேன்"னேன். முழிச்சான். மிஸ் குடுத்ததை காப்பி பண்ணி பூனைய மட்டும் மாத்திருக்கான். பாவம் அவன் மேல தப்பே இல்ல. மிட்செல் ரெஸ்னிக்கும் கேரன் பிரென்னனும், ஸ்கிராட்ச் உருவான எம்.ஐ.டி.ல இருந்தவங்க, 2012லயே இதை சொல்லிட்டாங்க, பிள்ளை செஞ்ச புராஜெக்ட்டை மட்டும் பாக்காதீங்க, பக்கத்துல உக்காந்து இது எப்படி வேலை செய்யுதுன்னு கேளுங்க, அரைகுறையா ஒண்ணை குடுத்து இதை சரி பண்ணுன்னு சொல்லி பாருங்கன்னு. அவங்களும் தன் புராஜெக்ட்டையே விளக்கத் தெரியாத பிள்ளைங்களை பாத்துருக்காங்க. எங்க அக்கா பேரன் தனி ஆள் இல்ல.

எனக்கு புடிச்சது பெப்ராஸ்தான். லித்துவேனியா நாட்டுல 2004ல வாலண்டினா டாகியெனேங்கற பேராசிரியர் ஆரம்பிச்சது. பெப்ராஸ்னா அவங்க பாஷைல பீவர், மரத்தை பல்லால அறுத்து ஆத்துல அணை கட்டுமே அந்த பிராணி. ஒரு கேள்விக்கு 3 நிமிஷம் போல, கம்ப்யூட்டர் அறிவே வேணாம், புரோகிராம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, ஒரு சின்ன கதை மாதிரி இருக்கும் ஆனா உள்ள ஒரு நல்ல யோசனை ஒளிஞ்சிருக்கும். இந்தியால சிஎஸ்பாடசாலாங்கற கம்ப்யூட்டர் கல்வி அமைப்பு மூலமா வருது, தமிழ்லயும் எழுதலாம். முக்கியமா பிள்ளைங்க அதை விளையாட்டா பாக்குது. ஆனா இதுலயும் நான் ஒண்ணு கவனிச்சேன். இந்த மாதிரி கேள்வி அஞ்சாறு எடுத்து பேப்பர்ல எழுதி குடுத்தப்ப ஆறாங்கிளாஸ்ல பாதிப்பேர் தப்பு. அடுத்த நாள் அதே மாதிரி வேற கேள்விகளை நானே சத்தமா ரெண்டு தடவை படிச்சு, "கீழ்க்காணும் நிபந்தனைகளுக்குட்பட்டு"ங்கற மாதிரி வாசகத்தை எல்லாம் தூக்கிட்டு வீட்ல பேசற மாதிரி சொன்னேன், தப்பு விட்டவங்கள்ல முக்கால்வாசி பேர் போட்டுட்டாங்க. அப்ப முதல் நாள் நான் எதை அளந்தேன்? வாசிக்க தெரியுதான்னு அளந்துட்டு யோசிக்க தெரியலன்னு எழுதிருப்பேன். கொரோனாக்கு அப்புறம் எங்க பக்கம் ஆறாவதுல எழுத்துக்கூட்டி படிக்கற பிள்ளைங்க இன்னும் இருக்கு, சின்ன வகுப்புலயே இதை சரி பண்ணத்தானே எண்ணும் எழுத்தும் திட்டமே வந்துச்சு.

கம்ப்யூட்டர்ல வச்சா இன்னும் மோசம். கூழாங்கல் பொண்ணை நான் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஹைடெக் லேபுக்கு கூட்டிட்டு போனேன், பிளாக்கை இழுத்து அடுக்கற ஒரு பயிற்சி. அதுக்கு மவுஸை புடிச்சு அமுக்கிட்டே இழுக்க வரல, பாதி வழில விட்ருது, பிளாக் திரும்பி ஓடிப்போயிருது. 15 நிமிஷம் மவுஸோட மல்லுக்கட்டுச்சு, டைம் முடிஞ்சுச்சு, ஸ்க்ரீன்ல "0/6". என்ன பண்ணனும்னு வாயால கரெக்டா சொல்லிட்டே இருந்துச்சு, கை ஒத்துழைக்கல. வீட்ல கம்ப்யூட்டர் இருக்கற பிள்ளைக்கு இது ஒரு விஷயமே இல்ல.

பெரிய அளவுல பண்ற ஐ.சி.ஐ.எல்.எஸ். ஆய்வுலயும் இந்த வசதி வித்தியாசம் தெரியுது. அது எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு பல நாடு சேந்து நடத்தறது, 2018ல முதல் முறையா கம்ப்யூட்டேஷனல் திங்கிங்கை தனியா அளந்தாங்க. 25 நிமிஷம் வீதம் ரெண்டு பகுதி, ஒண்ணுல டிரைவர் இல்லாத பஸ், இன்னொண்ணுல வயலுக்கு மேல டிரோனை பறக்க விட்டு எந்த கட்டத்துல தண்ணி எந்த கட்டத்துல உரம்னு பிளாக் வச்சு சொல்றது. டெல்டாக்காரனான எனக்கு அந்த டிரோன் கணக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு, எங்க ஊர்லயே இப்ப டிரோன்ல மருந்து அடிக்கறாங்க. கொரியா முன்னாடி வந்துச்சு. ஆனா வசதியான வீட்டு பிள்ளைங்க எங்க பாத்தாலும் மேல, மத்தவங்க கீழ. இந்தியா அதுல கலந்துக்கல. நாம ஒரு தடவை பல நாட்டு பிள்ளைங்க எழுதற பீசா தேர்வுல கலந்துக்கிட்டு, தமிழ்நாடும் இமாச்சலும்தான் எழுதுச்சு, கடைசி வரிசைல வந்து எல்லாரும் தலைகுனிஞ்சு, அப்புறம் கேள்வி நம்ம ஊருக்கு ஒத்துவரலன்னு சொல்லி விலகுனது ஞாபகம் இருக்கும். கேள்வி ஒத்துவரலங்கறதுல கொஞ்சம் நியாயமும் இருந்துச்சு கொஞ்சம் சாக்கும் இருந்துச்சு.

கைடு பயத்தை பத்தி சொன்னேன்ல, அதுக்கு உதாரணம் வெளிய தேட வேணாம். எட்டாங்கிளாஸ்ல என்.எம்.எம்.எஸ்.னு மத்திய அரசு உதவித்தொகை பரீட்சை இருக்கு, தேர்வானா மாசம் 1,000 ரூபா வீதம் வருஷம் 12,000, ஏழைப்பிள்ளைக்கு பெரிய உதவி, அதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. அதுல பாதி மனத்திறன் தேர்வு, 90 கேள்வி. பேர் மனத்திறன், ஆனா நாங்க என்ன பண்றோம், எண் தொடர்னா இந்த நாலு வகை, கண்ணாடி பிம்பம்னா இந்த ட்ரிக்குன்னு சனிக்கிழமை சனிக்கிழமை மனப்பாடம் பண்ண வைக்கறோம். நானே பண்ண வைக்கறேன், பணம் வருதே, எப்படி விட முடியும். அதுல கோடிங் டிகோடிங்னு, எழுத்தை மாத்திப்போட்டதை கண்டுபிடிக்கற ஒரு பகுதி உண்டு, ஒரு அப்பா வந்து "சார் எம்பையன் கோடிங்ல 8க்கு 8, ஐ.டி. வேலை கிடைக்கும்ல"ன்னு கேட்டாரு. நாளைக்கு கம்ப்யூட்டேஷனல் திங்கிங்குக்கு மாவட்ட ரேங்க்னு வந்தா அந்த கூழாங்கல்லையும் நாங்க கைடு ஆக்கிருவோம், சத்தியமா.

ஆக்கிட்டேன்னு கூட சொல்லலாம். விடை வேணாம், எப்படி யோசிச்சேன்னு சொல்லுங்க அதுக்குதான் மார்க்னு ஒரு மாசம் நடத்தி பாத்தேன். முதல் வாரம் அருமை, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொன்னாங்க. ரெண்டு மூணு பேர் நல்லா சொன்னதை நான் பாராட்டிட்டேன், அதான் நான் பண்ண தப்பு. மூணாவது வாரம் கிளாஸே ஒரே ராகத்துல, "சார் நான் முதலில் பெரிய பிரச்சினையை சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தேன்"னு ஆரம்பிக்குது. டேய் இது 12ஐ 3ஆல வகுக்கற கணக்குடா, இதுல என்னத்தடா பிரிச்ச!

அதனால அளக்கவே கூடாதுன்னு சொல்றேன்னு நெனைச்சிராதீங்க. அளக்காம விட்டா அந்த இயல் மறுபடி கடைசி பக்கத்துக்கே போயிரும், அதையும் பாத்துட்டேன். நான் இப்ப பண்றது இதான். 34 பிள்ளைங்க, 40 நிமிஷ பீரியடு, எல்லாரையும் ஒரே நாள்ல பாக்க முடியாது. ஒரு நாளைக்கு நாலு பேர். வேணும்னே ஒரு தப்பு வச்ச சீட்டு வரிசைய குடுப்பேன், தப்பை கண்டுபிடின்னு மட்டும் சொல்வேன், வாய தொறக்காம பாப்பேன். நோட்டுல மூணே விஷயம் எழுதுவேன், எங்க இருந்து தேட ஆரம்பிச்சான், முதல் யோசனை பலிக்கலன்னா என்ன பண்ணான், திருத்துனதுக்கு அப்புறம் மறுபடி ஓட்டி சரிபாத்தானா இல்லையா. மார்க் கிடையாது, ஒரு வரி. ரெண்டு வாரத்துல ஒரு சுத்து முடியும். ஜூன்ல ஒண்ணு, டிசம்பர்ல ஒண்ணு, மார்ச்ல ஒண்ணு. அந்த மூணு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா பிள்ளை எங்க இருந்து எங்க வந்துருக்குன்னு தெரியும். மூணாவது விஷயம், மறுபடி சரிபாக்கறது, அதுலதான் ஜூனுக்கும் மார்ச்சுக்கும் நல்ல வித்தியாசம் தெரியுது. முதல் விஷயத்துல அவ்வளவா மாற்றம் வரல, ஏன்னு எனக்கு புரியல.

அரசாங்கத்துக்கு நம்பர் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு, தேசிய அடைவு ஆய்வு மாதிரி சாம்பிள் எடுத்து சில ஸ்கூல்ல மட்டும் பேர் இல்லாம வையுங்க, பாடம் நல்லா போகுதான்னு தெரிஞ்சுக்கோங்க. பேப்பர்லயும் வையுங்க, வாயாலயும் கேளுங்க, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. பிள்ளை பேருக்கு நேரா நம்பர் போடாதீங்க, பள்ளிக்கூடத்து பேருக்கு நேரா ரேங்க்கும் போடாதீங்க. போட்டா மூணாவது குரூப் பண்ணதைதான் நாங்களும் பண்ணுவோம், தொட்டியை நகர்த்திருவோம்.

இன்னொரு விஷயம், கட்டுரைல இது வெளிநாட்டுல இருந்து வந்த புது அறிவுன்னு ஒரு தொனி இருந்துச்சு. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரில கிஃப்ட் சிரோமணின்னு ஒரு பேராசிரியர் இருந்தாரு, அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேந்து நம்ம வாசல் கோலத்தை கம்ப்யூட்டருக்கு புரியற விதிகளா, அதாவது ஒரு இலக்கணமா எழுதி 1974ல சர்வதேச பத்திரிகைல வெளியிட்டாங்க. 1974ங்க. இந்த பேச்செல்லாம் தொடங்கறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி. நம்ம பிள்ளைங்களுக்கு கேள்வி தயார் பண்றவங்க பீவரோட கொஞ்சம் கோலத்தையும் சேத்துக்கலாம், மொழிபெயர்ப்பு தொல்லையும் மிச்சம்.

ஆசிரியர் கிட்ட ஒரு கோரிக்கை. உங்க சிறுவர் பகுதில வாரா வாரம் புதிர் போட்டு அடுத்த வாரம் விடையும் சரியா அனுப்புனவங்க பேரும் போடறீங்க. மாசத்துல ஒரு வாரமாவது விடையை நீங்களே போட்ருங்க, எங்க தப்பு நடந்துச்சுன்னு மட்டும் கேளுங்க, வர்ற பதில்ல நாலு வித்தியாசமானதை அப்படியே அச்சடிங்க, பரிசெல்லாம் வேணாம். முதல் புதிரை நானே அனுப்பறேன், இது எங்க வீட்ல மார்கழில நடந்தது:

எங்கம்மா பேத்தி கிட்ட "9 புள்ளி, 5 வரைக்கும், ஊடு புள்ளி. 9ல ஆரம்பிச்சு ஒண்ணு ஒண்ணா குறைச்சுட்டே மேல போய் 5ல நிறுத்து, அதே மாதிரி கீழயும் பண்ணு"ன்னாங்க. மொத்தம் 61 புள்ளி வரணும். பேத்தி சொன்னபடியேதான் வச்சா, ஆனா 70 புள்ளி வந்துருச்சு, கோலம் சேரல. பேத்தி என்ன பண்ணிருப்பா? அடுத்த தடவை யார் கேட்டாலும் 61 மட்டுமே வர்ற மாதிரி பாட்டி எப்படி மாத்தி சொல்லணும்?

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்,
திருவாரூர் மாவட்டம்.